வெளுத்துப்போன சிவப்பை மீட்ட கதை

பழைய காரின் பானெட்டும் கூரையும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தன. பெயின்ட் அடிப்பதுதான் வழி என்றார்கள். அதற்கு முன் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். துணி சிவந்தது. அப்படியென்றால் மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் படலம்) இல்லாத பழைய வகை பெயின்ட். வெயிலில் செத்த மேல்படலத்தை எடுத்தால் கீழே நல்ல நிறம் கிடைக்கும். (வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி.) நிறம் ஒட்டாவிட்டால் அது கிளியர் கோட். மங்கியிருந்தால் பாலிஷில் தேறும், தோலாக உரிந்திருந்தால் தேறாது.

கழுவி, நிழலில் நிறுத்தி, தகடு ஆறியபின் கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டேன், விரல் வழுக்கும்வரை. ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப். பிறகு டூயல் ஆக்‌ஷன் பாலிஷரில் (பேடைச் சுழற்றி அசைத்துத் தேய்க்கும் மெஷின்) காம்பவுண்ட் (சொரசொரப்பான பாலிஷ் பசை). ஒரு நேரத்தில் 2 அடிக்கு 2 அடிதான். பேடில் சிவப்புப் பசை சீக்கிரமே அப்பிக்கொள்ளும். அடிக்கடி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காவிட்டால் அந்தப் பசையையே திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் மெல்லிசு, அங்கே மெஷின் வேண்டாம் என்று கையாலேயே தேய்த்தேன்.

அப்புறம் நைஸ் பாலிஷ், கடைசியில் வாக்ஸ். வாக்ஸை மட்டும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள், இந்தப் பெயின்ட் மறுபடி வெளுத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகப் போடுகிறேன். கூரையில் ஏற்கெனவே பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பூச்சு) தெரிந்த இடத்துக்கு மட்டும் பெயின்டர்தான் வர வேண்டும்.