காவிரியோடு தனியாகச் சைக்கிளில்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை ஆறு ஓடும் தூரம் சுமார் 800 கிலோமீட்டர். சைக்கிளில் போனால், எந்த வழியைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 750 முதல் 900 வரை ஆகும். இந்தப் பாதையில் தனியாகக் கிளம்பும் புதியவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை அதே ஊர்களில் அவர்களும் செய்கிறார்கள். ஹெல்மெட், விளக்கு, அடையாள அட்டை, காசு இதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

ஆறு இறங்குகிறது, சாலையும் இறங்கும் என்று கணக்குப் போடுவது

தலைக்காவிரியிலிருந்து பாகமண்டலா வரை எட்டு கிலோமீட்டர் நல்ல இறக்கம்தான். அங்கிருந்து பெரும்பாலானவர்கள் மடிக்கேரி சாலையைப் பிடிப்பார்கள். மடிக்கேரி 1,100 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர், ஆகவே முதல் நாளே மறுபடி ஏற வேண்டும். நாபோக்லு பக்கமாகச் சித்தாப்புரா போகும் வழி ஆற்றுக்கு நெருக்கமானது, ஆனால் அதிலும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். குடகை விட்டு வெளியே வரும்வரை ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். விட்ட தூரத்தைத் திருச்சிக்குக் கிழக்கே சமதரையில் பிடித்துக்கொள்ளலாம்.

மொத்த மூட்டையையும் பின்சக்கரத்தில் ஏற்றுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை பேர் இத்தனை வருடம் சொல்லியும் தீராத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

நடப்பது இப்படி. புது கியர் சைக்கிள், பின்னால் ஒரு கேரியர், இரண்டு பக்கமும் பெரிய பை, மேலே கூடாரம். மொத்தம் 18, 20 கிலோ. கேரியரில் "25 கிலோ" என்று அச்சடித்திருப்பதால் பயம் இல்லை. ஆனால் அந்த 25 கிலோ கேரியர் தாங்கும் கணக்கு. சக்கரம் எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லவில்லை. ஓட்டுகிறவர் எடையில் ஐந்தில் மூன்று பங்கு ஏற்கெனவே பின்சக்கரத்தில்தான் விழுகிறது. 70 கிலோ ஆளென்றால் 42 கிலோ. அதன்மேல் இந்த மூட்டை முழுவதும் ஏறுகிறது.

குஷால்நகர் தாண்டும்போது பின்னால் "டிங்" என்று ஒரு சத்தம். ஒரு ஸ்போக்ஸ் கம்பி போயிருக்கும். பள்ளத்தில் இறங்கியதால் உடைந்தது என்று நினைத்துக்கொண்டு, கிடைத்த கடையில் ஒரு கம்பி மாற்றிவிட்டுப் போவார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வருவதற்குள் இரண்டாவது போகும், பன்னூர் பக்கம் மூன்றாவது. அதோடு ரிம் கோணிவிடும், பயணம் ஒரு லாரியின் பின்பக்கத்தில் முடியும்.

அந்தக் கம்பி பள்ளத்தில் உடையவில்லை. உடைந்த துண்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கம், கொக்கி போல வளைந்திருக்கும் இடத்தில் போயிருக்கும். அதுவும் செயின் பக்கத்துக் கம்பியாக இருக்கும். பின் ஹப்பில் ஏழெட்டு பல்சக்கரத்துக்கு இடம் விட வேண்டும் என்பதால், செயின் பக்கத்துக் கம்பிகள் ரிம்முக்கு ஏறக்குறைய நேராக நிற்கும். எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் சாய்ந்து நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் செயின் பக்கம் மிக இறுக்கமாகவும் எதிர்ப்பக்கம் அதில் பாதிக்குச் சற்று மேலாகவும் இருக்க வேண்டும். சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். கியர் சைக்கிள்களில் வரும் 700 சி அளவுச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 465 முறை சுற்றும், 800 கிலோமீட்டருக்கு 3.7 லட்சம் முறை. எல்லாக் கம்பியும் சமமாக இறுக்கமாக இருந்தால் இதைத் தாங்கிவிடும். மெஷினில் பின்னி வரும் சக்கரங்களில் ஒன்று இறுக்கமாகவும் பக்கத்துக் கம்பி லொடலொடவென்றும் இருக்கும். லூசாக இருப்பது ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து, அந்தக் கொக்கி வளைவில் மடங்கி மடங்கி நிமிரும். இரும்புக் கம்பியைக் கையால் இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிக்கிற வேலைதான் இது. அதனால் ஒன்று போனால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இருக்கிறது. புது சைக்கிளை 200, 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு சக்கரத்தின் கோட்டம் எடுக்கத் (வளைவை நிமிர்த்தத்) தெரிந்த கைகளிடம் கொடுத்து, கோட்டத்தை மட்டும் பார்க்காமல் இறுக்கத்தையும் சமமாக்கித் தரச் சொல்லுங்கள். நேராகச் சுற்றும் சக்கரத்திலும் இறுக்கம் ஏறுமாறாக இருக்கலாம். கம்பியை விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதுதான் நாளைக்கு உடையப்போவது. அதன்பின் அருகருகே ஒரே சாய்வில் போகும் இரண்டிரண்டு கம்பிகளை உள்ளங்கையில் பிடித்து, சக்கரம் முழுக்கச் சுற்றி வந்து, பலமாக நெருக்குங்கள். வளைவுகள் ஹப்பில் சரியாக உட்காரும். மறுபடி ஒருமுறை கோட்டம் பார்க்க வேண்டும்.

அடுத்தது மூட்டை. லாட்ஜ், சத்திரம், கோயில் மண்டபம் என்று தங்க இடம் கிடைக்கிற பாதை இது, 10 கிலோ போதும். அதற்கு மேல் போனால் பாதியை முன்பக்கம், ஃபோர்க்கின் இரண்டு புறமும் தாழ்வாகக் கட்டுங்கள். கனமான கருவிகள், தண்ணீர், அரிசி எல்லாம் அடியில் வரட்டும். பின்னால் மட்டும் கனம் இருந்தால் இறக்கத்தில் கைப்பிடி நடுங்கும். பாகமண்டலா இறக்கத்திலேயே அது தெரிந்துவிடும்.

கூட எடுத்துப் போக வேண்டியவை: செயின் பக்க அளவில் நான்கு கம்பி, எதிர்ப்பக்க அளவில் இரண்டு, முன்சக்கர அளவில் இரண்டு. பின்சக்கரத்தில் இரண்டு பக்கத்துக்கும் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடும், அளந்து வாங்குங்கள். வழியில் கிடைக்கும் சாதா சைக்கிள் கம்பி உங்கள் சக்கரத்துக்குச் சேராது. நிப்பிளை (கம்பியை ரிம்மோடு பிடிக்கும் சிறு மரை) திருப்பும் சாவியும், உங்கள் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவியும் வேண்டும். செயின் பக்கத்துக் கம்பியை மாற்றப் பல்சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும், கிராமத்துக் கடையில் அந்தக் கருவி இருக்காது. ஸ்பேனர், வைஸ் எல்லாம் இருக்கும். கருவியை நீங்கள் கொண்டுபோனால் ஐந்து நிமிட வேலை.

நடுவழியில் உடைந்தால் உடனே நில்லுங்கள். உடைந்த துண்டைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். செயின் பக்கம் உடைந்திருந்தால் ரிம் எதிர்ப்பக்கம் சாயும், ஆகவே உடைந்ததற்கு இரு புறமும் இருக்கிற எதிர்ப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். இங்கே திசை குழம்பும். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று இறுக்கும். ஹப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று தளர்த்தும். ஒரு நிப்பிளில் கால் சுற்று திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடருங்கள்.

"28 இஞ்ச்" என்று மட்டும் சொல்லி டயர் கேட்பது

சாதா சைக்கிளின் 28 இஞ்ச் ரிம் 635 மில்லிமீட்டர். உங்கள் 700 சி ரிம் 622. கடைக்காரர் தருவது முதல் வகை, அது உங்கள் சக்கரத்தில் நிற்காது. 26 இஞ்சிலும் இதே கதை: சாதா சைக்கிளுக்கு 590, மலைச் சைக்கிளுக்கு 559. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படித்துக் கேளுங்கள். உங்கள் டியூபில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் அதற்கான சிறு பித்தளை அடாப்டரும் பையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எந்தக் கடையிலும் காற்றடிக்க முடியாது.

புது சீட்டோடு கிளம்புவது

வேண்டாம்.

மேகதாதுவிலிருந்து ஒகேனக்கல் வரை கரையோடு போகலாம் என்று நம்புவது

வரைபடத்தில் ஆறு நீலக் கோடாகத் தொடர்ந்து போகும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிவனசமுத்திரத்துக்குப் பிறகு ஆறு பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து காவிரி வனவிலங்கு சரணாலயம். கரையோடு தொடர்ச்சியான சாலை கிடையாது. யானை நடமாட்டம் உள்ள காடு, தனி ஆளாகச் சைக்கிளில் நுழைகிற இடமில்லை. ஃபோனில் தெரியும் ஒற்றையடிக் கோடுகள் எல்லாம் வனத்துறைப் பாதைகள்.

வழி இரண்டு. தெற்கே கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை, பாலாறு, கொளத்தூர் வழியாக மேட்டூர். தூரம் குறைவு, ஏற்றம் கடுமை, காட்டுச் சாலை. காலை வெயில் நன்றாக ஏறியபின் நுழைந்து மாலை நான்குக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சோதனைச் சாவடியில் அன்றைய யானை நிலவரம் கேட்காமல் போகாதீர்கள். வடக்கே கனகபுரா, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். சுற்று அதிகம், வண்டிகள் அதிகம், காட்டு பயம் குறைவு. முதல் முறை தனியாகப் போகிறவருக்கு வடக்கு வழியைத்தான் சொல்வேன். அருவியை விட்டுவிட்டோமே என்ற குறையும் இருக்காது.

ஒகேனக்கல்லில் பரிசலில் சைக்கிளை ஏற்றி மேட்டூர் வரை போய்விடலாம் என்று சிலர் வருகிறார்கள். அந்தப் பரிசல்கள் அருவியைச் சுற்றிக் காட்டத்தான். நீர்வரத்து கூடினால் அதுவும் நின்றுவிடும்.

மாதம் பார்க்காமல் கிளம்புவது

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஈரோடு, கரூர், திருச்சி வரை முதுகில் தள்ளும். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள், சைக்கிள் நகராதா? ஆனால் அதே மாதங்களில் குடகில் கொட்டித் தீர்க்கும். பாகமண்டலாவில் சாலையின் மேலேயே வெள்ளம் போகும். தை, மாசியில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் டெல்டாவில் வடகிழக்குக் காற்று எதிரே அடிக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அதன்பின் திருச்சிக்குக் கிழக்கே நீங்கள் பார்க்கப்போவது மணலைத்தான். பங்குனி, சித்திரையில் கரூர் பக்கம் பகலில் ஓட்டவே முடியாது.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை நல்ல சமயம். மேலே மழை ஓய்ந்திருக்கும், கீழே வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது, ஆற்றில் தண்ணீர் இருக்கும். மாலை இடிமழை வரும், மூன்று மணிக்குள் ஊர் சேருங்கள்.

ஆற்று மணலில் கூடாரம் போடுவது

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதனால் கீழே மழையே இல்லாத, நட்சத்திரம் தெரிகிற ராத்திரியிலும் ஆறு ஏறும். அணை நிரம்பி 120 அடியைத் தொட்டிருந்தால் எந்நேரமும் உபரிநீர் வரலாம். மணல் திட்டு காய்ந்து கிடக்கிறதே என்று படுக்காதீர்கள். குளிப்பதும் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டுமே. மணல் அள்ளிய குழிகள் வெளியே தெரியாது, கொள்ளிடத்தில் முதலையும் உண்டு.

ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பது

காய்ச்சினாலும் வேண்டாம். சாயக்கழிவு காய்ச்சினால் போகாது.

முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் மாற்றுவது

கரைச்சாலைகளின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். வெட்டிப் போட்ட கிளைகளின் முள் டயரில் ஏறி, நுனி உள்ளே முறிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். புது டியூப் போட்டு இரண்டு கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். டயரை மாட்டும்போதே அதன் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரில் தேடினால் முள் அகப்படும். விரலைவிட்டுத் தடவாதீர்கள், குத்தும். பழைய துணியை உள்பக்கம் இழுத்துக்கொண்டு போனால் நுனியில் நூல் மாட்டும். உள்ளிருந்து ஊசியால் தள்ளி, வெளியே சாமணத்தால் பிடித்து இழுங்கள்.

கல்லணையில் ஆறு மாறிப் போவது

முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று மறுபடி பிரிவு. அகலமானதுதான் காவிரி என்று நினைத்துக் கொள்ளிடக் கரையைப் பிடித்தால் பழையாறு பக்கம் போய்ச் சேருவீர்கள். கால்வாயைப் பிடித்தால் தஞ்சாவூர். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை: இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே போங்கள். மயிலாடுதுறையில் ஆறு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியிருக்கும். வழி தவறிவிட்டோம் என்று அங்கே திரும்பியவர்களும் உண்டு. அதுதான் காவிரி, தொடர்ந்து மேலையூர் கதவணை வரை போங்கள்.

கடைசி நாளை மதியத்தில் ஓட்டுவது

கடலோரத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து எதிரே கிளம்பும். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் 25 கிலோமீட்டர்தான், ஆனால் மதியம் அது இரட்டிப்பாகத் தோன்றும். விடிகாலையில் கிளம்பிப் பத்து மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். சைக்கிளைக் கடற்கரை மணலில் இறக்காமல் சாலையிலேயே பூட்டி வையுங்கள். மதியம் அதே காற்று உங்களை மயிலாடுதுறை ஜங்ஷன் வரை தள்ளிக்கொண்டு வரும். ரயிலில் ஏற்றுமுன் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள், ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும்.