வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆபர்ன் என்ற ஊரில் 13 பாத்திகள் கொண்ட ஒரு பருத்தி வயல் இருக்கிறது. 1896-இல் தொடங்கிய பயிர்ச்சுழற்சிச் சோதனை அங்கே இன்றும் நடக்கிறது. குளிர்காலத்தில் கிளோவர், வெட்ச் போன்ற பயறு வகைச் செடிகளை வளர்த்து மண்ணுக்கே கொடுத்த பாத்திகளில், தழைச்சத்து (நைட்ரஜன்) உரமிட்டதற்கு இணையாகப் பருத்தி விளைந்திருக்கிறது. மண்ணின் கரிமச்சத்தும் கூடியிருக்கிறது. மணிச்சத்து, சாம்பல்சத்து மட்டும் தனியாகக் கொடுத்தார்கள்; இதை மறந்துவிட வேண்டாம்.

இதேபோல மண்ணுக்கே உரமாக மடக்கி உழ, நீங்களும் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்திருக்கிறீர்களா? முப்பது நாள் தாண்டியதும் நாலைந்து இடத்தில் செடியை மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்! வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. அடுத்த முறை, ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (வேர் முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர்) கலந்து விதையைப் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் போதும், காய் பிடிக்க விடாதீர்கள்.