பாப்கேட்டின் கால்தடத்தை அடையாளம் காண்பது எப்படி?

கனடாவின் தென்பகுதி தொடங்கி மெக்சிகோ வரை பாப்கேட் என்ற காட்டுப்பூனை பரவலாக வாழ்கிறது. ஆனாலும் விடியலிலும் அந்தியிலும் தனியாகவே திரிவதால் கண்ணில் படுவது அரிது. தடத்தைத் தேடுவதுதான் சுலபம். ஓடைக்கரைச் சேறு, மண்பாதையின் ஓரப் புழுதி, மெல்லிய பனி, இவற்றை அதிகாலையில் பாருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தடத்தின் பள்ளமும் மேடும் துலங்கும்.

முதலில் அகலம். பாப்கேட் தடம் பெரும்பாலும் 4.5 முதல் 6 செ.மீ. இருக்கும். 4-க்குக் கீழே என்றால் வீட்டுப் பூனை, 7-க்கு மேலே என்றால் பூமா என்ற பெரிய காட்டுப்பூனையாக இருக்கலாம். தடத்தின் அடித்தளத்தை அளக்க வேண்டும், மேல் விளிம்பை அல்ல. ஈரச்சேற்றில் விளிம்பு சரியும், பனியில் உருகி விரியும். 'பூமா தடம்' என்று சொல்லப்படுபவற்றில் பல இப்படிப் பிறந்தவைதான்.

நகக்குறி இல்லாவிட்டால் பூனை இனம் என்று பலரும் முடிவு கட்டுவார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். இறுகிய மண்ணில் நாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டியின் நகமும் பதியாது. வழுக்கும் சரிவில் பாப்கேட்டே நகத்தை ஊன்றும். உள்ளங்கால் மெத்தையைப் பாருங்கள்: முன்விளிம்பில் இரண்டு புடைப்பு, பின்விளிம்பில் மூன்று. பதிந்திருக்கும் நான்கு விரல்களில் ஒன்று நம் நடுவிரலைப்போல முன்னே நீண்டிருக்கும். நடு இரண்டில் இடப்பக்க விரல் நீண்டிருந்தால் அது வலது கால். கயோட்டித் தடம் நீள்வட்டம்; விரல்களுக்கும் மெத்தைக்கும் நடுவே பெருக்கல் குறி போடலாம். பாப்கேட் தடத்தில் மெத்தை பெரிது, அந்தக் கோடுகள் அதில் முட்டும்.

ஐந்தாறு விரல் தெரிந்தால் குழம்ப வேண்டாம். முன்கால் பதிந்த இடத்திலேயே பின்காலையும் வைத்து நடக்கும் விலங்கு இது. சற்றே தவறினால் தடம் இரட்டையாகத் தெரியும். அடுத்தடுத்த தடங்களைத் தொடர்ந்து, தனியாக விழுந்த ஒன்றைத் தேடி அளவுகோலை அருகில் வைத்து நேர்மேலிருந்து படமெடுங்கள்.

பக்கத்தில் மண் பிராண்டிய தடமும், கணுக்கணுவாக இறுகி முயல் மயிர் கலந்த எச்சமும் இருந்தால் சந்தேகம் குறையும். எச்சத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கலாம்.

தானியங்கிக் கேமரா வைப்பதானால் முழங்கால் உயரத்தில், வடக்கு பார்த்து, பாதைக்குச் சாய்வாகக் கட்டுங்கள். எதிரே புல்லை வெட்டாவிட்டால் காற்றில் ஆடும் புல்தான் படமெல்லாம். படம் விழுந்தால் வாலைப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனி மேலே கறுப்பும் அடியில் வெள்ளையுமாக இருந்தால் பாப்கேட். சுற்றிலும் கறுப்பு என்றால் அதன் உறவினமான கனடா லின்க்ஸ்.