பாய்க்கோரையை விவரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் கோரையைப் புல் என்று எழுதிவிடுவதுதான் பரவலான தவறு. புறக்காழ், அதாவது வெளிப்புறத்தில் வைரம், உடையவை எல்லாம் புல் என்ற தொல்காப்பியக் கணக்குப்படி அது சரியே; ஆனால் அந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்தான். இன்றைய வகைப்பாட்டில் நெல்லும் அறுகும் போயேசியே குடும்பத்தையும், கோரை சைபெரேசியே குடும்பத்தையும் சேர்ந்தவை. புல்லின் தண்டில் கணுக்கள் உண்டு, கணுக்களுக்கிடையே பெரும்பாலும் உள்ளீடற்றிருக்கும். கோரையின் தண்டிலோ அடிப்பகுதிக்கு மேலே கணுவே இராது. உள்ளே பஞ்சு போன்ற சோறு நிறைந்திருக்கும். பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே தண்டைப் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முக்கோணம் தெரியும்.

முக்கோணத்தையே விதியாக்கிக்கொள்வது அடுத்த தவறு. சைபெரஸ் ஆர்டிகுலேட்டஸ் என்னும் கோரையின் தண்டு உருளையானது. விரலால் அழுத்திக்கொண்டே போனால் உள்ளிருக்கும் குறுக்குத் தடுப்புகள் தட்டுப்படும். இதற்கு மாறாக, சைபெரஸ் ரொட்டண்டஸ் என்னும் கோரைக்கிழங்கின் பெயரில் உள்ள உருண்டை கிழங்கைக் குறிக்கிறது, தண்டை அன்று. அதன் தண்டு முக்கோணமே.

'கோரை' என்று மட்டும் குறித்து வைப்பதாலும் பயனில்லை. வயலில் களையாக முளைக்கும் கோரைக்கிழங்கும், ஆற்றோரம் வளர்த்து அறுக்கப்படும் பாய்க்கோரையும் சைபெரஸ் என்ற ஒரே பேரினத்தின் வெவ்வேறு சிற்றினங்கள். குளக்கரையில் வளரும் சம்பு என்ற செடியோ கோரைக் குடும்பத்திலேயே சேராதது.

விவரிப்பில் மிகுதியும் சறுக்குவது பூங்கொத்தில்தான். பாய்க்கோரையின் இலைகள் பெரும்பாலும் தண்டின் அடியில் வெறும் உறைகளாக நின்றுவிடுவதால், உச்சியில் பூங்கொத்தின் அடியிலிருந்து இலை போல நீண்டு விரியும் பூவடிச்செதில்களை இலை என்று எண்ணி அளந்துவிடுகிறார்கள். பல பூக்கள் அடங்கிய சிறுகதிரை ஒரு பூ என்று எண்ணுவதும் அப்படித்தான். சிறுகதிரில் இரண்டு வரிசையாக அடுக்கிய செதில் ஒவ்வொன்றின் கக்கத்திலும் இருப்பதே பூ; அதற்குப் புல்லிவட்டமும் இல்லை, அல்லிவட்டமும் இல்லை. கைலென்ஸின்றி இந்த வேலையில் இறங்குவது வீண். மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடி மூன்றாகப் பிரிந்தால் கனியான கொட்டை முப்பட்டையாக இருக்கும், இரண்டாகப் பிரிந்தால் தட்டையாக இருக்கும். இந்த இரண்டு சூல்முடியை முக்கிய அடையாளமாகக் கொண்டே பைக்ரியஸ், கைலிங்கா ஆகியவை தனிப் பேரினங்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. மரபணு ஆய்வுகளுக்குப் பின் அவை சைபெரஸுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டதால், இனங்காண உதவும் பழைய திறவுகோலை அப்படியே பின்பற்றுபவர் தாவரத்தைச் சரியாக அறிந்தும் பெயரைப் பழையபடி எழுத நேரும்.

பெயர்ச் சிக்கல் பாய்க்கோரைக்கும் உண்டு. டேனியத் தாவரவியலர் ராட்பால் 1773இல் இதற்கு இட்ட சைபெரஸ் பாங்கோரி என்ற பெயரிலேயே நம் 'கோரை' ஒலிக்கிறது. தரங்கம்பாடி அன்று டேனியர் வசம் இருந்ததை நினைத்தால் இதில் வியப்பில்லை. பின்னர் தாவரவியலர் ராக்ஸ்பர்க் வைத்த சைபெரஸ் டெகெட்டம் என்ற பெயரும் இதே தாவரத்தைத்தான் குறிக்கிறது. லத்தீனில் 'டெகெஸ்' என்றால் பாய். இரு பெயர்களையும் கண்டு இரண்டு சிற்றினங்கள் என்று பட்டியலிட்டுவிடக் கூடாது.

மாதிரி எடுப்பவர்கள் சேற்றில் இறங்கத் தயங்கிப் பூத்த நுனியை மட்டும் கிள்ளி வருவதுண்டு. மண்ணுக்குள் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டும் அடியுறையும் முற்றிய கொட்டையும் இல்லாத மாதிரியைத் தாளில் ஒட்டி வைத்தாலும், அதைக் கொண்டு சிற்றினத்தை உறுதி செய்வது பெரும்பாலும் இயலாது.