பல செயலிகளுக்கும் ஒரே பதிப்புப் பட்டியல்: மேவனில் அமைக்கும் முறை

2021 டிசம்பரில், ஜாவா செயலிகள் பதிவுக் குறிப்புகளை எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்தில் நான்கு திருத்தங்கள் வந்தன. ஜாவா பில்ட் கருவியான மேவன் படிக்கும், ஒவ்வொரு செயலியின் பாம்.எக்ஸ்எம்எல் (pom.xml) கோப்பிலும் பதிப்பு எண்ணைத் தனித்தனியே எழுதியிருந்தால், நாற்பது செயலிகளுக்கு நாற்பது கோப்புகளை நான்கு முறை திருத்த வேண்டியிருக்கும். எண் ஓரிடத்தில் இருந்தால் திருத்தமும் ஓரிடத்தில் முடியும்.

முதலில் ஒவ்வொரு செயலியிலும் எந்த லைப்ரரி எதன் வழியாக வருகிறது என்பதை மரவடிவில் காட்டும் டிபெண்டன்சி ட்ரீ (mvn dependency:tree) கட்டளையை ஓட்டி, நேரடியாகக் கேட்ட லைப்ரரிகளோடு அவற்றின் வழியாக உள்ளே வந்தவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே லைப்ரரியின் இரு பதிப்புகள் மோதும்போது மேவன் புதிய பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. மரத்தில் செயலிக்கு மிக அருகில் இருப்பதையே எடுக்கிறது. செயலி, ஜேசான் தரவைக் கையாளும் ஜாக்சன் லைப்ரரிக்கு 2.9 என்று எழுதியிருக்க, அது பயன்படுத்தும் வேறொரு லைப்ரரி 2.13ஐ எதிர்பார்த்தால், 2.9தான் வரும். கம்பைல் தடையின்றி முடிந்துவிடும், 2.13இல் மட்டுமே உள்ள மெத்தடை அந்த லைப்ரரி அழைக்கும் நேரத்தில்தான் ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று செயலி விழும். இந்த வகைப் பிழையைத் தேடி ஓர் இரவு முழுவதும் விழித்திருந்த பிறகே நான் பட்டியலின் அருமையை உணர்ந்தேன்.

அடுத்து, லைப்ரரிகளின் பதிப்புகளைக் குறிக்கும் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் (dependencyManagement) பகுதி மட்டுமே கொண்ட தனி பாம் (BOM, அதாவது பதிப்புப் பட்டியல்) புராஜெக்ட் ஒன்றை உருவாக்கி, ஒப்புக்கொண்ட பதிப்புகளை அதில் எழுதுங்கள். செயலிகள் தங்கள் டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் அதை இம்போர்ட் ஸ்கோப்பில் (import scope) சேர்த்துக்கொண்டு, லைப்ரரியின் பெயரை மட்டும் எண் இல்லாமல் குறிப்பிட வேண்டும். பட்டியலில் இருப்பதாலேயே எந்த லைப்ரரியும் செயலிக்குள் வந்துவிடாது. வேறு லைப்ரரி வழியாக வந்தாலும் பட்டியலில் உள்ள பதிப்பிலேயே வரும். ஆனால் செயலி தானே ஓர் எண்ணை எழுதிவிட்டால் அதுவே செல்லும் என்பதால், பழைய எண்களை ஒன்று விடாமல் நீக்குவது கட்டாயம். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பு தரும் பட்டியலையும் இம்போர்ட் செய்தால் நம்முடையதை அதற்கு மேலே எழுத வேண்டும். ஒரே லைப்ரரி இரண்டிலும் இருந்தால் முதலில் வருவதற்கே முன்னுரிமை.

பட்டியலுக்கும் நிலையான பதிப்பு எண் கொடுத்து வெளியிடுங்கள். எண் மாறாமலே உள்ளடக்கம் மாறக்கூடிய ஸ்னாப்ஷாட் பதிப்பு வேண்டாம், ஏனெனில் நேற்று ஓடிய பில்ட் இன்று காரணம் தெரியாமல் உடையும். புதிய பட்டியலை முதலில் இரண்டு செயலிகளில் சோதித்து, பிறகு பதிப்பு எண்களைத் தானாகப் புதுப்பிக்கும் ரெனவேட் போன்ற கருவியின் மூலம் மற்றவற்றுக்கு மாற்றக் கோரிக்கைகளை (pull request) அனுப்பலாம். பழைய பதிப்பிலேயே நிற்க வேண்டிய செயலி இருந்தால், அந்த வரிக்கு மேலேயே காரணத்தையும் விலக்கு முடியும் தேதியையும் குறிப்பாக எழுதி வையுங்கள்.