ஹோட்டல் துறைத் தலைவர்கள் பேச வரும்போது என்ன கேட்கலாம்?

ஒரு ஹோட்டல் பொது மேலாளர் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பேச வருகிறார் என்றால், "வெற்றியின் ரகசியம் என்ன?" என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். "உங்கள் முதல் வேலை எந்தப் பிரிவில்? அங்கிருந்து எப்படி மாறினீர்கள்?" என்று கேளுங்கள். வரவேற்பு, ஹவுஸ்கீப்பிங், உணவகம், விற்பனை என ஒவ்வொரு பிரிவிலும் வளரும் பாதை வேறு.

போவதற்கு முன் ரெவ்பார் என்ற கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அறைகளால் வந்த வருவாயை, விற்பனைக்கு இருந்த மொத்த அறைகளால் வகுத்தால் கிடைப்பது அது. 100 அறைகளில் 60 மட்டுமே நிரம்பிய ஹோட்டல்கூட, 80 நிரம்பிய ஹோட்டலை இதில் முந்தலாம். முதலாவதில் வாடகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக இருந்தால் போதும். "அறைகளை நிரப்புவதா, வாடகையைக் குறைக்காமல் இருப்பதா? எதை வைத்து முடிவெடுக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தன் அன்றாட வேலையைப் பற்றியே பேச ஆரம்பிப்பார். என் அனுபவத்தில் இதுதான் மிகவும் பயன் தந்த கேள்வி.

இரவு ஷிப்ட், விடுமுறை நாள் வேலை பற்றியும் தயங்காமல் கேளுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது.

அப்புறம், மறுநாளே நன்றி சொல்லி ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் சொன்னதில் உங்களுக்குப் பயன்பட்ட ஒன்றைக் குறிப்பிடுங்கள். உடனே வேலை கேட்க வேண்டாம். ஒரு நாள் அவர்கள் ஹோட்டல் இயங்கும் விதத்தை உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.