மருத்துவ ஒப்புதல் வரும்வரை ஆர்.ஓ.டி.சி. வகுப்பைத் தள்ளிப்போடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரியில் படித்துக்கொண்டே ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தில் சேர விரும்புபவர்கள், டோட்மெர்ப் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மருத்துவத் தகுதி வாரியம்) தரும் மருத்துவ முடிவு இன்னும் வரவில்லை என்றாலும் முதல் செமஸ்டரிலேயே மிலிட்டரி சயன்ஸ் (ஆர்.ஓ.டி.சி. பாடம்) வகுப்பில் பதிவு செய்துவிடுங்கள். முதல் இரண்டு ஆண்டு அடிப்படை வகுப்புகளுக்கு, ஸ்காலர்ஷிப் வாங்காதவர்களிடம் ராணுவச் சேவை ஒப்பந்தம் எதுவும் கேட்பதில்லை, அதனால் டோட்மெர்ப் முடிவு கையில் இல்லாமலே உட்காரலாம். காலை உடற்பயிற்சிக்கு மட்டும், ஓடியாடத் தகுதி உண்டு என்று டாக்டர் கையெழுத்திட்ட படிவம் தனியாக வேண்டும். அதைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே குடும்ப டாக்டரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டோட்மெர்ப் சிறு வயதில் எடுத்த இன்ஹேலருக்குக் கூடப் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்கலாம், இழுத்துக்கொண்டே போகும், அதற்காக ஒரு வருடப் பயிற்சியை விடுவது பெரிய நஷ்டம். இன்னொன்று, 'தகுதியில்லை' என்று பதில் வந்தாலும் விலக்கு கோர வழி உண்டு, அப்போது உங்களை நேரில் தெரிந்த பயிற்சி அதிகாரிகள் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

ஆனால் ஸ்காலர்ஷிப் பணம் மருத்துவத் தகுதி உறுதியான பிறகுதான் வரும், அதை நம்பி ஃபீஸ் கணக்குப் போடாதீர்கள். வெஸ்ட் பாயின்ட் போன்ற ராணுவ அகாடமிகளுக்கும் இது பொருந்தாது, அங்கே ஒப்புதல் வந்த பிறகுதான் உள்ளே நுழைய முடியும்.